விண்டோஸை அழிக்கும் முன் மெயிலை எடுத்து வையுங்கள்

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துகிறோம். 2016 முதல் வந்த ஆர்டர்கள் எல்லாம் அவுட்லுக் மெயிலில்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டர் ரொம்பத் திணறுகிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம், மெயிலை டி டிரைவில் வைத்தால் போதும் என்கிறார் காரைக்குடியில் சர்வீஸ் செய்பவர். போதுமா?

பதில்: போதாது. சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே ஹார்டு டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். வெளியே ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ் போனால், உங்கள் மெயில் முகவரிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் பாப் (POP) அல்லது ஐமேப் (IMAP) என்று இருக்கும். இவை மெயிலை இறக்கும் இரண்டு முறைகள். ஐமேப் என்றால் மெயில்கள் சர்வரில் இருக்கின்றன; கணக்கைத் திரும்பச் சேர்த்தால் இறங்கிவிடும். பாப் என்றால்தான் கவலை. சர்வரில் பிரதி விட்டுவைக்கும்படி சொல்லியிருக்காவிட்டால், இறங்கிய மெயில் அங்கே அழிந்திருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது மட்டுமே மிச்சம்.

அதே இடத்தில் டேட்டா ஃபைல்ஸ் என்ற பகுதியில், மெயில்கள் உள்ள கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். பாப் என்றால் அதன் பெயர் பெரும்பாலும் பிஎஸ்டி (.pst) என்று முடியும். அவுட்லுக்கை முழுதாக மூடிவிட்டு, அதை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பென் டிரைவ் என்றால் ஒரு சிக்கல் வரலாம்: ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. உங்கள் பத்து வருட மெயில் அதைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே வேறெதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துவிட்டு ஏற்றுங்கள்.

கோப்பு ஓஎஸ்டி (.ost) என்று முடிந்தால் காப்பி செய்து பயனில்லை, வேறு கம்ப்யூட்டரில் அது திறக்காது. ஃபைல் மெனுவில் ஓப்பன் அண்டு எக்ஸ்போர்ட் வழியாக பிஎஸ்டியாக எடுங்கள். எடுக்கும்போது கணக்கின் பெயரையே தேர்ந்தெடுத்து, உள்ஃபோல்டர்களையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். டிக் இல்லாவிட்டால் நீங்கள் வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்து வைத்தவை விட்டுப்போகும்.

இனிமேல்தான் பலரும் விட்டுவிடுகிற வேலை. எடுத்த பிரதியை இன்னொரு கம்ப்யூட்டரில் காப்பி செய்து, அங்குள்ள அவுட்லுக்கில் திறந்து பாருங்கள். 2017இல் வந்த ஒரு ஆர்டரைத் தேடுங்கள். அதோடு வந்த பூ டிசைன் படத்தையும் திறங்கள். டைல் வார்க்கும் கண்ணாடியில் எந்த இடத்தில் எந்த நிறத்தை ஊற்ற வேண்டும் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தால், பேக்கப் சரி. இதைப் பார்க்காமல் விண்டோஸைத் தொட விடாதீர்கள். சர்வீஸ் செய்பவர் அவசரப்படுத்தினாலும், 'நாளைக்கு வாங்க தம்பி' என்று சொல்லிவிடுங்கள்.

திரும்பப் போடும்போது கிளாசிக் அவுட்லுக்கையே (பழைய வடிவ அவுட்லுக்) போடச் சொல்லுங்கள், இந்த வேலைக்கு அதுதான் வசதி. பிஎஸ்டியை முதலில் கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்துவிட்டு, அப்புறம் ஓப்பன் அண்டு எக்ஸ்போர்ட்டில் திறங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து நேரடியாகத் திறந்தால், நடுவில் வயர் கழன்று கோப்பு கெடலாம். மெயில் பாஸ்வேர்டு பிஎஸ்டியோடு வராது, இப்போதே எழுதி வையுங்கள். எல்லாம் சரியாக வந்த பிறகும் அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அழிக்காமல், பட்டறையில் வைக்காமல், வீட்டு அலமாரியில் வையுங்கள்.