செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எழவில்லை: டீசல் கார் கேள்வி-பதில்

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): என் கார் 2012 மாடல், 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல், 1,40,000 கி.மீ. ஓடியது. பத்து நாளாகக் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆவதில்லை. ஃபில்டர் பக்கத்தில் உள்ள ஹேண்ட் பிரைமரை (டீசலை இழுத்துவிடும் கைப் பம்ப்) இருபது முப்பது தடவை அமுக்கினால் எழுந்துவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்கத் தொந்தரவு இல்லை. 'ஹை பிரஷர் பம்ப் போச்சு' என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். காமன் ரெயில் வண்டியில் ஹை பிரஷர் பம்ப் டீசலை அழுத்தி 'ரெயில்' என்ற பொதுக் குழாயில் தேக்கும்; அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும். பிரைமரை அமுக்கியதும் எழுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பம்பின் வாசலுக்கு டீசல் வந்து சேர்ந்தால் பம்ப் ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? தேய்ந்த பம்ப் பிரைமருக்கு மசியாது. அதோடு, தேய்மானம் இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். உங்களுக்கோ சூட்டில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி வண்டி நிற்கும்போது எங்கோ காற்று நுழைகிறது. லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது.

'ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையே' என்று கேட்பீர்கள். ஒழுகாது. பிரைமர் வைத்த வண்டிகளில் பெரும்பாலும் டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பாதையில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. அதனால்தான் காய்ந்து சுத்தமாக இருக்கிற ஜாயின்ட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டி என்றால் கதை வேறு: அங்கே லைன் அழுத்தத்தில் இருக்கும், ஓட்டை விழுந்த இடம் நனைந்திருக்கும்.

செலவில்லாத சோதனை ஒன்று. இன்றிரவு வண்டியை முன்பக்கம் தாழ்ந்திருக்கும்படி இறக்கத்தில் நிறுத்துங்கள். டேங்க் இன்ஜினைவிட மேலே வந்துவிடும், டீசல் பின்னால் ஓட வழியிருக்காது. காலையில் பிரைமரைத் தொடாமலே எழுந்தால் சந்தேகம் உறுதி.

அடுத்து, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் அரையடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற டீசல் ஓஸ் ஒன்றைப் போட்டு வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் ஒரு நிமிடம் குமிழி வருவது சகஜம். அதன் பிறகும் சோடாவில் வருவதுபோல் சரம் சரமாக ஏறிக்கொண்டிருந்தால் காற்று இழுக்கிறது. அந்த ஓஸையே ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் குமிழி என்றால் பழுது டேங்க் பக்கம். அங்கே சுத்தம் என்றால் ஃபில்டரில்தான்.

முதல் சந்தேகம் ஃபில்டர் மேல்தான். கடைசியாக மாற்றியபோது பழைய ஓ-ரிங்கையே (ரப்பர் வளையம்) விட்டிருப்பார்கள், அல்லது புதிதை டீசலில் நனைக்காமல் வறட்டுத்தனமாகப் போட்டு முறுக்கியிருப்பார்கள். பிறகு, அடியில் தண்ணீர் திறந்துவிடும் டிரெய்ன் ஸ்க்ரூவின் வாஷர். பிறகு, வெடித்துப்போன ஓஸ் நுனி. கிளிப்பை இன்னும் இறுக்கினால் வெடிப்பு அதிகமாகும், நுனியை இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டுவதே சரி. இன்ஜெக்டர்களின் தலையில் உள்ள மெல்லிய ரிட்டர்ன் ஓஸ்களையும் (மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்புபவை) விட்டுவிடாதீர்கள். குமிழியே இல்லை, ஆனாலும் காலையில் பிரைமர் தொளதொளவென்று இருக்கிறது என்றால், பிரைமருக்குள் இருக்கும் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை; பிரைமரையே மாற்றுங்கள். பம்பின் விலையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சில்லறைச் செலவு.

கேள்வி (ஈரோடு வாசகர்): எனக்கு நேர் எதிர். காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட். ஹைவேயில் 100 கி.மீ. ஓட்டிவிட்டு டீ குடிக்க நிறுத்தினால் மறுபடி எழுவதில்லை, ஒரு மணி நேரம் ஆறினால் சரி. இதுவும் காமன் ரெயில்தான். ஹை பிரஷர் பைப் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா பார்க்கலாமா?

பதில்: அந்த நட்டைத் தொடவே தொடாதீர்கள். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். ரெயிலில் ஐடிலிங்கிலேயே 250 பாருக்கு மேல், முழு லோடில் 1,600 பார் வரை போகும். நூலிழைபோல் பீய்ச்சும் அந்த டீசல் கையுறையோடு சேர்த்துத் தோலைத் துளைத்துவிடும். ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

நட்டுக்குப் பதில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி). லைவ் டேட்டாவில் மூன்று எண்கள் போதும்: இன்ஜின் ஆர்.பி.எம்., கேட்கப்படும் ரெயில் பிரஷர், உண்மையில் இருக்கும் ரெயில் பிரஷர். வண்டி எழ மறுக்கும் அதே சூட்டில் பார்க்க வேண்டும். ஆறிய பிறகு ஒர்க் ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனால் எல்லாம் ஒழுங்காகவே காட்டும்.

செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். பூஜ்யம் என்று காட்டினால் இது டீசல் பிரச்சினையே இல்லை. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் கைவிடுகிறது. ஆறினால் சரியாவது அதற்கும் வழக்கம்தான். ஆர்.பி.எம். 200-ஐ ஒட்டி வருகிறது, ஆனால் ரெயில் பிரஷர் 200 பாரைத் தாண்டத் திணறுகிறது என்றால் உருவாகும் அழுத்தம் எங்கோ கசிகிறது, அல்லது பம்ப் அதை உருவாக்கவே திணறுகிறது. பெரும்பாலான வண்டிகளில் அந்த அளவு அழுத்தம் வராமல் இ.சி.யு. (இன்ஜினின் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரைத் திறக்கவே உத்தரவிடாது. அதனால்தான் சைலன்சரில் புகையும் வராது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். அது வேறு வழக்கு.

சூட்டில் மட்டும் ஏன்? டீசல் சூடானால் இளகிவிடும். தேய்ந்த இன்ஜெக்டருக்குள் குளிர்ந்த டீசல் நழுவாமல் நிற்கிற இடைவெளியில் சூடான டீசல் ஓடிவிடும். பம்ப் ஊற்ற ஊற்ற ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே போகும். எது அந்த இன்ஜெக்டர் என்று பார்க்க, நான்கின் தலையிலும் உள்ள ரிட்டர்ன் கனெக்டரைக் கழற்றி, தனித்தனி ஓஸ் மாட்டி, ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடிப் பாட்டில்களில் விடுங்கள். டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் லைன் முனையை மட்டும் அடைத்துவிடுங்கள்; இன்ஜெக்டர் பக்கத்து வாயை அடைக்கக் கூடாது. பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். நல்ல இன்ஜெக்டரில் சில சொட்டுக்கு மேல் வராது. கெட்டதில் பாட்டிலின் அடி நிறையும். நான்கிலும் சொட்டுத்தான் என்றால் ரெயில் பிரஷர் வால்வின் ரிட்டர்னைப் பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால்தான் பம்பும், அதற்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வும் குற்றவாளிக் கூண்டுக்கு வர வேண்டும்.

இன்ஜெக்டரைக் கழற்றினால் அடியில் உள்ள செம்பு வாஷர் புதிதாகத்தான் போட வேண்டும். மாற்று இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை (code) ஸ்கேனரில் ஏற்றச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் ஐடிலிங்கில் வண்டி உதறும். மீட்டரிங் வால்வைக் கழற்றிய இடத்தில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் ஜரிகைத் தூள்போல் மினுமினுத்தால் பம்ப் தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் பம்பை மட்டும் மாற்றினால் மிச்சமிருக்கும் தூள் புது இன்ஜெக்டரையும் தின்றுவிடும். டேங்க், லைன், ரெயில் எல்லாவற்றையும் சுத்தம் செய்தாக வேண்டும்.

கேள்வி (சென்னை வாசகர்): மழைநாள் கழித்து வண்டி திக்கித் திக்கி நின்றுவிட்டது. டீசலில் தண்ணீரா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஃபில்டரின் அடி ஸ்க்ரூவைத் திறந்து ஒரு டம்ளர் அளவு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பத்து நிமிடம் ஆட்டாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி, மேலே டீசலுக்கும் அதற்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் தெரியும். மறுபடி பிடித்தாலும் தண்ணீர்தான் வருகிறது என்றால் சாவியைப் போடாதீர்கள், டேங்கைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். பாட்டிலில் கறுப்பாகக் கொழகொழவென்று மிதந்தால் அது நாள்பட்ட தண்ணீரில் வளர்ந்த நுண்ணுயிர். ஃபில்டரை மட்டும் மாற்றினால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

கேள்வி (மதுரை வாசகர்): ரோட்டரி பம்ப் வைத்த பழைய டீசல் கார். ஓடிக்கொண்டிருந்தபோது பட்டென்று நின்றது, பிறகு எழவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: பம்பின் மேலுள்ள ஸ்டாப் சோலனாய்டில் (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு). சாவியைப் போட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதன் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் ஃபியூஸோ ஒயரோ. வந்தும் சத்தமில்லை என்றால் சோலனாய்டு செத்துவிட்டது. சத்தம் கேட்கிறது என்றால், ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரையில்லாத டீசல் வரும்வரை பிரைமரை அமுக்கி மூடுங்கள். பிறகு, காமன் ரெயில் இல்லாத இந்த வகையில் மட்டும், இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால் டீசல் விட்டுவிட்டுத் துள்ள வேண்டும். துள்ளியதும் இறுக்குங்கள். இந்த வகையிலும் முகத்தையும் கையையும் தள்ளியே வையுங்கள். செல்ஃபைப் பத்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். இன்ஜினுக்குள் சூடேற்றச் சிவந்து நிற்கும் குளோ பிளக்கில் பட்டால் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும்.

கேள்வி (கோவை வாசகர்): பங்க்கில் கவனக்குறைவாக 10 லிட்டர் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். டீசலை மேலே நிரப்பி ஓட்டினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் எண்ணெய். பெட்ரோல் அந்த வழவழப்பைக் கழுவிவிடும். சாவியைப் போட்டாலே டேங்க் பம்ப் ஓடிப் பெட்ரோலை முன்னே தள்ளிவிடும் வண்டிகள் உண்டு. ஆகவே சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். வாயால் உறிஞ்சி எடுக்க யாரையும் விடாதீர்கள்.