சிப்பாயின் மனைவி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கிரிமியப் போர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தளபதிகள் வருகிறார்கள், நைட்டிங்கேல் வருகிறார். சாதாரணச் சிப்பாய்க்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்திருப்பார்களே? அந்தப் பெண்கள் கணவனோடு போர்முனைக்கே போனார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

உண்மைதான், போனார்கள். ஆனால் போக முடியாமல் நின்றவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ரஷ்யாவோடு 1853-56இல் நடந்த அந்தப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாய் கல்யாணம் செய்துகொள்ளக் கட்டளை அதிகாரியின் அனுமதி வேண்டும். நூற்றில் ஏதோ சிலருக்குத்தான் அது கிடைத்தது. கிடைத்தால் மனைவியின் பெயர் ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) பட்டியலில் ஏறும், சிப்பாய்கள் தங்கும் பாரக்ஸில் இடம் உண்டு. இடம் என்றால் வீடு இல்லை. ஆண்கள் படுத்திருக்கும் கூடத்தின் மூலையில் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் குடித்தனம். பிரசவமும் அங்கேயேதான். தனிக் குடியிருப்புகள் 1850களில்தான் மெல்ல வரத் தொடங்கின. சிப்பாய்களின் துணியைத் துவைத்து அந்தப் பெண்கள் நாலு காசு பார்த்தார்கள்.

அனுமதியில்லாமல் கட்டிக்கொண்டவன் மனைவிக்கு இது எதுவும் கிடையாது. அவன் சம்பளமோ நாளுக்கு ஒரு ஷில்லிங். சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பிடித்தது போக மிஞ்சுவதில்தான் அவள் வெளியே வாடகை கொடுத்துப் பிழைக்க வேண்டும்.

பட்டியலில் இருந்தவர்களுக்கும் ஒரு நாள் வரும். ரெஜிமெண்ட் கடல்கடந்து போகும்போது 100 வீரர்களுக்குப் பொதுவாக 6 மனைவிகள்தான் கூடப் போகலாம். இந்தியாவுக்கு என்றால் 12. யார் என்பதைத் திருவுளச்சீட்டு முடிவு செய்யும். தொப்பியில் சீட்டுகளைப் போட்டு எடுக்கச் சொல்வார்கள். பல சமயம் கப்பலேறுவதற்கு முந்தின இரவுதான் இது நடக்கும். முன்கூட்டியே தெரிந்தால் ஆண்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். 'போகக் கூடாது' என்ற சீட்டு வந்தவள் கைக்குழந்தையோடு துறைமுகத்தில் நிற்பாள். கணவன் திரும்ப எத்தனையோ வருடம் ஆகலாம், திரும்பாமலே போகலாம். அதுவரை கிடைத்த கூலி வேலை, இல்லையென்றால் ஊர்க்காரர்கள் முகம் சுளித்துக் கொடுக்கும் ஏழைகள் நிவாரணம். இதைத் தனிப்பட்ட ஒரு அதிகாரியின் கொடுமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. செலவையும் கப்பலில் உள்ள இடத்தையும் பார்த்து, எல்லாம் தெரிந்தே வகுத்த ஏற்பாடு.

சரி, கிரிமியப் போருக்குப் போனவர்கள்? செவிலியர் நைட்டிங்கேல் பணியாற்றிய, இன்றைய இஸ்தான்புல்லில் உள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனையின் நிலவறைகளில் அவர்களில் பலர் இருட்டிலும் ஈரத்திலும் கிடந்தார்கள். அங்கேயே குழந்தைகள் பிறந்தன. உதவ வந்த அலிசியா பிளாக்வுட் சீமாட்டி, என்ன செய்யட்டும் என்று கேட்டபோது நைட்டிங்கேல் இந்தப் பெண்களைத்தான் அவர் பொறுப்பில் விட்டார். நைட்டிங்கேல் ஒரு வீட்டில் சலவைக்கூடமும் அமைத்து, இந்த மனைவிகளையே கூலிக்கு அமர்த்தினார். காயம்பட்டவர்களுக்குச் சுத்தமான துணி கிடைத்ததில் இந்தப் பெண்களின் உழைப்பும் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

இந்தியாவில் கணவனை இழந்தவளுக்குச் சில மாதம்தான் ரேஷன். பிறகு கப்பலேற வேண்டும், அல்லது இன்னொரு சிப்பாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். சில வாரங்களிலேயே மறுமணம் செய்தவர்கள் உண்டு. அதைப் பார்த்து நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்று எழுதிய சீமாட்டிகள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்களுக்குச் சோற்றுக் கவலை இருந்ததில்லை.

சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு அரசே ஓய்வூதியம் தரத் தொடங்கியது 1901இல். அதுவும் பட்டியலில் பெயர் இருந்தவளுக்கு மட்டும். பட்டியலில் இல்லாத மனைவிக்கும் பிரிவுப்படி, அதாவது கணவன் போரில் இருக்கும்போது தரும் உதவித்தொகை, உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டது 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் தொடங்கியபோது. அப்போது அதற்கு லட்சக்கணக்கில் ஆண்கள் தேவைப்பட்டார்கள்.