டாக்டரிடம் சோர்வை மட்டும் சொல்லாதீர்கள்

கேள்வி: வயது 38. கம்பத்தில் வீடு, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை, இரண்டு மூன்று வாரம் எதிலும் மனசு ஒட்டாமல் போகிறது. விடியக்காலையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம் தானாகச் சரியாகி, முன்பைவிடச் சுறுசுறுப்பாகிவிடுகிறேன். குமுளியில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார், சரியானதும் நிறுத்திவிட்டேன். போன வருஷம் கம்பத்தில் வேறு டாக்டர், வேறு மாத்திரை. மலைமேல் மழையும் மூட்டமுமாக இருப்பதால் இப்படி ஆகிறதா, இல்லை இது மனநோயா? செய்வினையாக இருக்கும் என்கிறாள் மனைவி.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘முன்பைவிடச் சுறுசுறுப்பாகிவிடுகிறேன்’ என்ற வரிதான். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு டாக்டரிடமும் அதைச் சொல்லியிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நன்றாக இருக்கிற நாளில் யாரும் டாக்டரிடம் போவதில்லை. குமுளி டாக்டர் பார்த்தது ஒரு சோர்வு, கம்பத்து டாக்டர் பார்த்தது இன்னொரு சோர்வு. ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை. நடுவில் நடந்ததை யாருமே பார்க்கவில்லை.

அந்தச் சுறுசுறுப்பு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் நோயின் பெயரே மாறும். நாலு மணி நேரம் தூங்கினாலே போதும் என்று இருக்கிறதா? பேச்சு வேகமாகிறதா? யாராவது குறுக்கே பேசினால் சுள்ளென்று கோபம் வருகிறதா? கையில் பணம் இல்லாமலே தோட்டத்தைக் குத்தகைக்குப் பேசி அட்வான்ஸ் கொடுப்பது, இரண்டு ஏலச்சீட்டு சேர்த்துப் போடுவது என்று அந்த நாட்களில் இறங்கிவிட்டு, சோர்வு வந்ததும் கடன்காரருக்குப் பயந்து போனை அணைத்து வைக்கிறீர்களா? இதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள். உங்களுக்கு அது நல்ல நாளாகத்தான் நினைவிருக்கும், அவர்களுக்கு அப்படி இருந்திருக்காது.

இப்படி எதுவும் இல்லை, சோர்வு போனபின் பழைய ஆளாகத்தான் இருக்கிறீர்கள் என்றால் இது திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு. இந்தச் சுறுசுறுப்பைத்தான் ஏற்றம் என்கிறோம். லேசான ஏற்றமும் லேசான இறக்கமும் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் மாறி மாறி வந்துகொண்டே இருந்து, இடையில் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம்கூட நிம்மதி இல்லை என்றால் சைக்ளோதைமியா. ஆனால் உங்கள் சோர்வு வேலைக்கே போக முடியாதபடி இரண்டு வாரத்தைத் தாண்டுகிறது. அதோடு நாலு நாளுக்குக் குறையாத ஏற்றமும் ஒரு தடவையாவது வந்திருந்தால், லேசானது என்று விட முடியாது, ஏற்றமும் சோர்வும் மாறி மாறி வருகிற பைபோலார் என்ற நோயின் இரண்டாம் வகையா என்று பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் பெரும்பாலான நாட்கள் மந்தமாகவே போகிற டிஸ்தைமியா என்று ஒன்று உண்டு, நீங்கள் சொல்வது அதுபோல் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், மாத்திரையே மாறுகிறது. வெறும் மனச்சோர்வுக்கு அதற்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நீங்கள் செய்த மாதிரி நடுவில் விட்டால் திரும்ப வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஏற்றமும் இருக்கிறவருக்கோ அதே மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு ஏற்றம் கூடும். அவர்களுக்கு லித்தியம், லாமோட்ரிஜின் போன்ற மனநிலையை நிலைப்படுத்தும் மருந்துகள் தேவைப்படலாம். லித்தியம் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். மேடு ஏறி இறங்கிய உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் லித்தியத்தின் அளவை ஆபத்தாக ஏற்றிவிடும், தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி நீங்களாக மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மழையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வெளிச்சம் குறைகிற மாதங்களில் சிலருக்கு மனசு சோர்வது உண்மைதான். அது மட்டும் காரணம் என்றால் ஆனி, ஆடியில் வந்து போக வேண்டும். நன்றாக வெயில் அடிக்கிற மாசி, பங்குனியிலும் வருகிறதென்றால் மழைமேல் பழிபோட முடியாது. தினக்காலண்டர் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தாளிலும் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மனசு எப்படி இருந்தது, குடித்தீர்களா என்று மட்டும் எழுதுங்கள். குடியைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு, குடியே சோர்வை வளர்க்கும், தூக்கத்தையும் கெடுக்கும். தூக்கம் கெட்டால் ஏற்றம் கிளம்பிவிடும். விடியுமுன் ஜீப் ஏறுகிறவர் ராத்திரி ஒன்பது மணிக்காவது படுத்துவிட வேண்டும்.

தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். கோயிலுக்குப் போனால் மனைவிக்கு ஆறுதல் என்றால் தாராளமாகப் போங்கள், செய்வினை கழிக்கிறேன் என்று பணம் கேட்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிடுங்கள், வாய்விட்டே சொல்லுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து எதுவும் வீட்டில் கைக்கெட்டும்படி இருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், இலவசம், ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இப்போது நன்றாக இருக்கிறீர்கள் என்றால் அடுத்த சோர்வு வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். குமுளி சீட்டு, கம்பத்துச் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு மனைவியையும் கூட்டிப்போங்கள், ஏற்றமான நாட்களைப் பற்றி அவர்களையே பேசச் சொல்லுங்கள்.