வயிற்றுத் தோல் குறைப்பு அறுவை சிகிச்சை: மதுரைச் சகோதரிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ‘டம்மி டக்’ என்று பரவலாகச் சொல்லப்படும் இந்தச் சிகிச்சையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, வார்டில் பார்த்ததைக் கொண்டு பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல என்பதால், உங்கள் வயிற்றுக்கு இது பொருந்துமா என்பதை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

மேலூர்ச் சகோதரி: இரண்டு சிசேரியனுக்குப் பிறகு என் அடிவயிறு மடிந்து தொங்குகிறது. ஒரு வருடம் நடந்தும் குறையவில்லை. பிள்ளை பெற்றதும் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டாததுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார். அப்படியா, சிஸ்டர்?

உங்கள் மேல் குற்றமில்லை, அம்மா. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு நீளத் தசைகள், கர்ப்ப காலத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. பலருக்கு அவை மெல்ல நெருங்கி வந்துவிடும், சிலருக்கு இடைவெளி அப்படியே நின்றுவிடும். வயிறு கட்டுவது உடம்புக்குத் தாங்கலாக இருக்குமே தவிர, விலகிய தசையைச் சேர்த்துவிடாது. தசைக்கு உரிய பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் மூலம் சில மாதங்கள் செய்து பார்ப்பதுதான் முதல் படி. ஆனால் அளவுக்கு மீறி விரிந்து, சுருங்கும் தன்மையை இழந்துவிட்ட தோலை எந்த நடையும் உணவுக் கட்டுப்பாடும் சுருக்காது. அந்தத் தோலை வெட்டி எடுத்து, தசைகளை நடுவில் சேர்த்துத் தைப்பதே இந்தச் சிகிச்சை. பழைய சிசேரியன் தழும்பும் பெரும்பாலும் அந்தத் தோலோடு போய்விடும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இதைத் தள்ளிப் போடுங்கள், ஏனெனில் அடுத்த கர்ப்பத்தில் தைத்த தசை மீண்டும் விலகக்கூடும்.

திருமங்கலம் வாசகி: எத்தனை கிலோ குறையும்?

எடை குறைப்பதற்கான சிகிச்சை அல்ல இது. முதலில் எடையைக் குறைத்து, சில மாதங்களாவது அது ஒரே நிலையில் நின்ற பிறகுதான் மருத்துவர்கள் இதைப் பற்றிப் பேசவே விரும்புவார்கள்.

அண்ணா நகர்ச் சகோதரி: அன்றைக்கு என்னவெல்லாம் நடக்கும்?

முழு மயக்கம் கொடுத்து, பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் செய்வார்கள். அடிவயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறல் போட்டு, தோலை மேலே தூக்கி, தசையைத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி எடுப்பார்கள். தோல் கீழ்நோக்கி இழுக்கப்படுவதால், தொப்புளுக்குப் புதிய இடத்தில் வாசல் திறக்க வேண்டியிருக்கும். கண் விழிக்கும்போது தோலுக்கு அடியிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் வெளியே வந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உள்ளே ஊறும் நீரை வெளியேற்றுவதற்கான வடிகுழாய்கள் அவை. தினமும் எவ்வளவு நீர் வடிகிறது என்று அளந்து நோட்டில் எழுதி வையுங்கள், அளவு நன்றாகக் குறைந்த பிறகே, பலருக்கு ஓரிரு வாரங்களில், அவற்றை எடுப்பார்கள்.

உசிலம்பட்டி வாசகி: எப்போது வீட்டு வேலை செய்யலாம்? தண்ணீர் தூக்க என்னை விட்டால் ஆளில்லை.

எல்லோரும் ஆபரேஷன் நாளைப் பற்றியே கேட்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். முதல் வாரம் முழுவதும் நிமிர்ந்து நிற்க முடியாது, கூன் போட்டுத்தான் நடப்பீர்கள். படுக்கும்போதும் தலையணைகளை அடுக்கி, முழங்காலை மடித்துத்தான் படுக்க வேண்டும். தையல் இழுபடாமல் இருக்கத்தான் இத்தனையும். ஆனாலும் முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நடந்தாக வேண்டும், படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். தரையில் உட்கார்ந்து எழுவதும், குந்தி உட்காரும் கழிப்பறையும் கூடாது. வீட்டில் மேற்கத்திய கழிப்பறை இல்லையென்றால், துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். முக்கினாலும் தையல் இழுபடும் என்பதால் கீரை, பழம், தண்ணீர் ஆகியவற்றைக் குறைக்காதீர்கள். இருமலோ தும்மலோ வந்தால் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை வேலை பார்ப்பவர்கள் 2 அல்லது 3 வாரங்களில் திரும்பிவிடலாம். நிறை குடம் 10 கிலோவுக்குக் குறையாது, ஆகவே குறைந்தது 6 வாரங்களுக்குக் குடத்தையும், கைக்குழந்தையையும், கேஸ் சிலிண்டரையும் தொடக் கூடாது. தண்ணீர் தூக்க ஆள் கிடைக்கும் வரை தேதி குறிக்காதீர்கள், அம்மா. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய், பத்தாம் நாளே குடத்தைத் தூக்கி, வயிற்றில் நீர் கோத்துத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திருநகர்ச் சகோதரி: சேலை கட்டினால் தழும்பு தெரியுமா?

கொசுவம் செருகும் இடத்துக்குக் கீழே இருக்கும்படிதான் கீறலை வைப்பார்கள், ஆகவே வெளியே தெரியாது. ஆனால் தழும்பு நீளமானது, நிரந்தரமானது. முதல் சில மாதங்கள் கருத்தும் தடித்தும் இருந்து, ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் ஆன பிறகே மங்கும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தடித்த தழும்பு வளர்ந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். பாவாடை நாடாவைக் காயத்தின் மேல் இறுக்கிக் கட்டாதீர்கள், சில வாரங்களுக்கு நைட்டியே நல்லது. இறுக்கமான பெல்ட்டைப் பல வாரங்கள் அணியச் சொல்வார்கள், மதுரை வெயிலில் அது பெரும் சோதனைதான். அடியில் மெல்லிய பருத்தி பனியன் போட்டு, மாற்றுப் பெல்ட் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தொப்புளுக்குக் கீழே பல மாதங்கள் மரத்துப் போயிருக்கும் என்பதால், சூடான ஒத்தடம் வைத்துத் தெரியாமல் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

திருப்பரங்குன்றம் வாசகி: என் கணவரின் தொப்பைக்கும் இது ஆகுமா?

பானைபோல முன்னே தள்ளி, அழுத்தினால் கெட்டியாக இருக்கும் தொப்பையில், கொழுப்பு குடலைச் சுற்றி உள்ளே இருக்கிறது. இந்தக் கத்தி அங்கே போகாது. பரோட்டாவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி வாசகி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. காப்பீட்டில் பணம் கிடைக்குமா?

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனை கட்டுக்குள் வராமல் எவரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. சர்க்கரையும் புகையும் காயத்துக்கு ஆகாதவை, தோலின் ஓரம் கருகிப் போகும் அபாயம் உண்டு. இரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரின் முதல் நீங்கள் சாப்பிடும் சித்த மருந்து, பூண்டு மாத்திரை வரை அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, அழகுக்காகச் செய்வது என்றால் கிடைக்காது. குடலிறக்கம் இருந்து, அதையும் சேர்த்துச் சரிசெய்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் கிடைக்க வாய்ப்புண்டு, முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வீடு திரும்பிய பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

செல்லூர்ச் சகோதரி: பங்குனிக் கடைசியில் செய்துகொண்டால், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகலாமா?

வைகைக் கூட்டத்தில் ஒரு முழங்கை வயிற்றில் பட்டால் போதும். இந்த வருடம் டிவியில் பாருங்கள்.