60 டயாப்டர் கண்ணுக்கு 16.67 மி.மீ.யா, 22.22 மி.மீ.யா?

60 டயாப்டர் (ஒளியைக் குவிக்கும் திறனின் அலகு) என்றால் குவியத் தொலைவு 1000/60 = 16.67 மி.மீ.தானே, பிறகு ஏன் புத்தகத்தில் விழித்திரை 22.22 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் தவறில்லை, ஆனால் அது முன்பக்கக் குவியத் தொலைவு, காற்றுக்கானது. கண்ணுக்குள் ஒளி போவது ஒளிவிலகல் எண் 4/3 உள்ள ஊடகத்தில், அதனால் 16.67ஐ 4/3ஆல் பெருக்குங்கள், 22.22 வந்துவிடும்.

அப்புறம் பிம்ப அளவு. இங்கேதான் உண்மையான குழப்பம். எம்ஸ்லி என்ற ஒளியியலாளரின் எளிய கண் மாதிரியில் கண் முழுவதற்கும் ஒரே வளைபரப்பு, ஆரம் 5.55 மி.மீ. அந்த வளைவின் மையத்தை நோக்கி வரும் கதிர் பரப்பைச் செங்குத்தாகச் சந்திப்பதால் திசை மாறாமல் நேராகப் போகும். மையத்திலிருந்து விழித்திரைக்கு 22.22 − 5.55, மறுபடி அதே 16.67! ஆக 5 மீட்டர் தள்ளி நிற்கும் 1 மீட்டர் உயரக் குழந்தையின் பிம்பம் 1000 × 16.67 / 5000, சுமார் 3.3 மி.மீ. இதில் 22.22ஐப் போட்டுவிடாதீர்கள்.

நிஜக் கண் சுமார் 24 மி.மீ. நீளம் என்பதும் முரண் இல்லை. கண் மருத்துவர் குல்ஸ்ட்ராண்டின் விரிவான மாதிரியில் முதன்மைத் தளங்கள் (ஒளிவிலகல் மொத்தமும் நடப்பதாகக் கொள்ளும் கற்பனைத் தளங்கள்) கார்னியாவுக்கு (கண்ணின் முன்பக்க ஒளிபுகும் படலம்) ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. பின்னால் விழுகின்றன, குவியத் தொலைவை அங்கிருந்துதான் அளக்க வேண்டும்.