பரண்மேல் பொம்மை, கீழே ஏழு பிள்ளைகள்

வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் பொம்மையைப் பற்றித்தான். சம்பளம், நேரம், சாப்பாடு எல்லாம் சமாளித்துவிடுகிறார்கள்போல, பொம்மைதான் படுத்துகிறது. சரி, இந்தத் தடவை அதையே பார்த்துவிடலாம்.

கேள்வி: பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை ஏழு பேர். முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடிதான், சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் அதிலேயே. அதனால் பொம்மைகளைக் கட்டைப்பையில் போட்டுப் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் வைத்திருக்கிறேன். காலையில் நானே ஒரு பையை எடுத்துக் கொட்டுவேன். பத்து நிமிடத்தில் "இது வேண்டாம், அது வேணும்" என்று பரணைக் காட்டி அழுகை. எது என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. ஸ்டூல் போட்டு ஏறி ஏறி என் முழங்கால் போய்விட்டது. ஏழு பேரில் இரண்டு பேர் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள், அவர்கள் கேட்பது எனக்குப் புரிவதே இல்லை. என்ன செய்யட்டும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்த ஸ்டூலை விட்டு இறங்குங்கள் அம்மா. பிள்ளைகள் காலடியில் நிற்கும்போது ஏறவே கூடாது. நீங்கள் விழுந்தாலும் ஆபத்து, பை விழுந்தாலும் ஆபத்து. எப்போது ஏறுவது என்று கடைசியில் சொல்கிறேன்.

"எது வேணும்?" என்று நாம் கேட்கிறோமே, அந்தப் பிள்ளைக்கே அது தெரியாது. போன வாரம் பைக்குள் போனதெல்லாம் அதற்கு மறந்துவிட்டது, மேலே ஏதோ நல்லது இருக்கிறது என்பது மட்டும்தான் ஞாபகம். நாம் மட்டும் என்ன, கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டுதானே எந்தப் புடவை என்று யோசிக்கிறோம்? மூடிய பீரோவின் முன் நிறுத்தி "சீக்கிரம் சொல்லு" என்றால் நமக்கும் அழுகைதான் வரும்.

பொம்மைகளைக் கீழே வைக்க இடமில்லை, சரி. அவற்றின் படங்களைக் கீழே வைக்கலாம் அல்லவா? மாம்பலத்தில் பதினாறு வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் நான், இந்த யோசனை வரவே எனக்கு ஐந்தாறு வருடம் ஆனது. அதற்கு முன்னால் பெட்டிகள்மேல் மார்க்கர் பேனாவால் அழகாக 'கார்', 'சொப்பு', 'பிளாக்ஸ்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு! அதைப் பார்த்த ஒரு தாத்தா, "எங்களுக்கா எழுதினீங்க?" என்று கேட்டார்.

செலவு அதிகமில்லை. செல்போனில் ஒவ்வொரு பொம்மையாகப் படம் எடுங்கள். தரையில் பூப்போடாத படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஒரே ஒரு பொம்மை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதல் தடவை நான் பையைக் கொட்டிக் குவியலாகப் படம் எடுத்தேன், பெரியவர்களுக்கே அதில் எது என்ன என்று தெரியவில்லை. சொப்பு, பிளாக்ஸ் மாதிரி செட்டாக வருவதென்றால் நாலைந்து சாமானை மட்டும் எடுத்து வைத்து எடுத்தால் போதும். கலர் ஜெராக்ஸ் போட்டு, கையளவு அட்டையாக வெட்டி, லேமினேஷன் செய்து, ஓரத்தில் ஓட்டை போட்டு ஒரு ஷூ லேஸில் கோத்துவிடுங்கள். லேமினேஷன் மூலை குத்தும், வட்டமாக வெட்டிவிடுங்கள். அதைச் சுவரில் பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள், உங்கள் கண் உயரத்தில் அல்ல. ஓரிரண்டு நாளிலேயே அது பொம்மை ஆல்பம் ஆகிவிடும், புரட்டிப் பார்ப்பதே ஒரு விளையாட்டாகிவிடும். உங்கள் ஒடியாப் பிள்ளைகள் விஷயமும் இதோடு தீரும், விரலை வைத்துக் காட்டப் பாஷை எதற்கு? அவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்களோ அந்தச் சொல்லை நீங்களும் கற்றுக்கொண்டு ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மலர்கிறது என்று.

ஆனால் உங்கள் ஒன்றரை வயதுக்காரனுக்கு ஆல்பம் எடுபடாது. படத்தைப் பார்த்துச் சிரிப்பான், 'கா' என்பான், அதைக் காட்டினால் அந்தப் பொருள் கைக்கு வரும் என்ற கணக்குப் பிடிபட இரண்டரை வயதை ஒட்ட வேண்டும். அந்த வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நிஜப் பொருளையே காட்டுங்கள். இரண்டே இரண்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, அவர்கள் முன் உட்கார்ந்து. "பந்தா, வண்டியா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் எனக்கு வரவே வராது. மூன்று விநாடிகூடப் பொறுக்காமல் "பந்துதான் பிடிக்கும், இல்லடா?" என்று நீட்டிவிடுவேன். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். ஆறிலோ ஏழிலோ கை நீளும், சில சமயம் கண் மட்டும் ஒரு பக்கம் போகும், அதுவும் பதில்தான்.

கட்டிலுக்கு அடியில் இருப்பவற்றை மூடியில்லாத பிளாஸ்டிக் கூடைகளுக்கு மாற்றுங்கள், இழுத்தால் வருகிற மாதிரி. கூடைக் காதில் உள்ளே இருப்பதில் ஒன்றை, ஒரு பிளாக், ஒரு பெரிய மரக் கரண்டி, அப்படி ஏதாவது, ஒரு சாண் நீளத்துக்குள் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். நீளமான கயிறு கழுத்தில் சுற்றும், வேண்டாம். சின்னதுகள் அதைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடும்.

1939ல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த அலமாரி, அதிலிருந்து அவர்களே எடுத்து அவர்களே திரும்ப வைப்பது என்பதெல்லாம் அவர் வழி. அழகான யோசனை, அந்த அலமாரி வைக்கத் தனி அறை இருக்கிறவர்களுக்கு. உங்கள் பத்துக்குப் பன்னிரண்டில் சுவரோரம் ஒரு நீளப் பலகை, நான்கு செங்கல்மேல், ஆடாமல். அதில் ஒரு நாளைக்கு நாலைந்து பொம்மைக்குமேல் வைக்காதீர்கள். குறைவாக இருந்தால் ஏங்கிப்போவார்களோ என்று தோன்றும். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தார் ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான 36 பிள்ளைகளை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள், 2018ல் வெளியான ஆய்வு. ஒரு தடவை 4 பொம்மை, இன்னொரு தடவை 16 பொம்மை, கால் மணி நேரம் விளையாட விட்டார்கள். 4 இருந்தபோதுதான் ஒவ்வொன்றையும் அதிக நேரம், விதவிதமாக வைத்து விளையாடியிருக்கிறார்கள். பையைக் கொட்டினால் பத்து நிமிடத்தில் சலித்துப்போகிறது என்கிறீர்களே, அது இதுதான்.

யார் தேர்ந்தெடுப்பது? ஏழு பேரும் தினமும் ஆளுக்கொன்று எடுத்தால் பழைய குவியலே திரும்ப வந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று பேர், மறுநாள் அடுத்தவர்கள் என்று முறை வையுங்கள். இரண்டு நாளில் அவர்களே கணக்கு வைத்துக்கொண்டு உங்களைத் திருத்துவார்கள். எடுத்த அட்டையைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டட்டும். எடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். "திரும்பவும் இதேவா?" வேண்டாம், "சூப்பர் செலக்‌ஷன்" என்பதும் வேண்டாம். வந்ததும் பிடிக்கவில்லையா, ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது ஸ்டூல். தேர்வை முந்தின நாள் சாயங்காலமே, அம்மாக்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முடித்துவிடுங்கள். மூன்று அட்டை ஆணியில் தொங்கும். எல்லாரும் போனபிறகு வீட்டுக்காரரையோ மகனையோ ஏறச் சொல்லி, அந்த மூன்றை மட்டும் இறக்கிப் பலகையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் வருகிறபோதே "என்னோடது வந்திருச்சா?" என்று ஓடி வருவார்கள். அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிற அழுகைகூட இதில் கொஞ்சம் குறையும், எனக்குக் குறைந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பொம்மை உடைந்து தூக்கிப் போட்டால் அன்றைக்கே அட்டையையும் கழற்றிவிடுங்கள். சக்கரம் போன ஒரு ரயில் வண்டியை நான் குப்பையில் போட்டுவிட்டு அட்டையை மறந்துவிட்டேன். மூன்று வயதுப் பையன் ஒருவன் அந்த அட்டையை மூன்று நாள் தொடர்ந்து எடுத்து வந்து நீட்டினான். அழவில்லை, கேட்கவில்லை, நீட்டிக்கொண்டு நின்றான். அதற்கு அவன் அழுதிருக்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். தினமும் அதே சிவப்பு ஜேசிபியைத்தான் எடுக்கிறானாம், வேறு எதையும் தொடுவதில்லையாம். "ஒரு வாரம் ஒளித்து வைக்கட்டுமா?" என்று அக்கா கேட்கிறார். சரி என்று சொல்லலாமா?
– வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். நீங்கள் வேலைக்குப் போனபிறகு அந்த வீட்டில் அவனுக்குத் தெரிந்த முகம் அந்த ஜேசிபி. ஒளித்து வைத்தால் வேறு பொம்மையை எடுக்க மாட்டான், ஜேசிபியைத் தேடுவான். அதைச் சுற்றி இருப்பதை மாற்றச் சொல்லுங்கள். இன்றைக்கு அதன் பக்கத்தில் ஒரு தட்டில் கொஞ்சம் மணல், நாளைக்கு பிளாக்ஸ், அடுத்த நாள் சொப்புச் சாமான். ஜேசிபி சொப்பு அடுப்புக்கு விறகு ஏற்றிக்கொண்டு போகும், பாருங்கள். அப்புறம் அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: மற்ற பொம்மைகள் அவன் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கின்றனவா? பல வீடுகளில் 'இதை மட்டும்தான் எடுக்கிறான்' என்றால் மேலாக இருப்பது அதுதான் என்று அர்த்தம்.

கேள்வி: ஆண் பிள்ளைக்குக் காரும் பெண் பிள்ளைக்குச் சொப்பும் என்று நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், சண்டை வராது. தப்பா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சண்டை வராதுதான். ஓட்டல் சமையற்கட்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், ஸ்கூட்டரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்து உங்கள் வீட்டில் விடுகிறவர்கள் அம்மாக்கள். இரண்டு கூடையையும் நடுவில் வையுங்கள் ஐயா.

கேள்வி: இரண்டு பேரப்பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக் குழந்தையையும் பகலில் பார்த்துக்கொள்கிறேன். பழைய பொம்மைகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. அவர்களையே எடுத்துக்கொள்ள விடலாமா, பயமாக இருக்கிறது. கடைக்குட்டிக்கு ஒரு வயது.
– வாசகி, மதுரை

பதில்: பயம் நல்லதுதான் பாட்டி. பிள்ளைகளை எடுக்க விடுவதற்கு முன்னால் நாம் ஒருமுறை கழித்துக் கட்டிவிட வேண்டும், பெட்டியில் எதை எடுத்தாலும் 'சரி' என்று சொல்கிற மாதிரி இருந்தால்தான் அது தேர்வு, இல்லையென்றால் பிடுங்குவதே வேலையாகிவிடும்.

மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கான பொம்மைகளை, சோதனைச் சாலைகளில் 31.7 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் அடங்கினால் தொண்டைக்குள்ளும் போகும் என்று கணக்கு. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அந்த நாணயத்தைவிடச் சற்றே பெரியதுகூட ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி, பல்லாங்குழி எல்லாம் பெரியவனுக்கு, அதுவும் கடைக்குட்டி தூங்குகிறபோது, உங்கள் மடியருகே.

இதைவிட மோசம் பட்டன் பேட்டரி. பாட்டுப் பாடுகிற, விளக்கு எரிகிற மலிவுப் பொம்மைகளில் இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும், வெளியே வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி. பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத பொம்மையா, பேட்டரியை எடுத்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். பாடாவிட்டால் பிள்ளைகள் தாங்களே பாடிக்கொள்வார்கள். காந்த உருண்டைகள் இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள், இரண்டு மூன்று விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும். புதிதாக வாங்குவதென்றால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

மீதியைச் சோப்புத் தண்ணீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் காய வையுங்கள். அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் பொம்மைக்குள் தண்ணீர் தங்கிக் கறுப்புப் பூசணம் பிடித்திருக்கும், அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பொறுக்கிக்கொள்ள விட்டதிலிருந்து ஒரு சின்ன வாண்டு தினமும் ஒரு சொப்பை டிரவுசர் பாக்கெட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறான். அவன் அம்மா சங்கடப்படுகிறார். எப்படிச் சொல்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: திருட்டு என்ற வார்த்தையை மட்டும் யாரும் வாயில் எடுக்க வேண்டாம். மூன்று வயதில் 'நான் எடுத்தது' என்றால் 'என்னுடையது'தான். "இன்னிக்கு ராத்திரி எது உன்னோட தூங்க வரணும்?" என்று நீங்களே கேட்டு, ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புங்கள், காலையில் அது திரும்ப வந்து தன் கூடையில் உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தம். பெரும்பாலும் வந்துவிடும். எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரைச் சொப்பு மட்டும் வரவில்லை, கொண்டுபோனவன் இப்போது காலேஜ் முடித்துவிட்டான்.