பிளாக் பெல்ட் வாங்கியவன் ஏன் கையைத் தூக்கவில்லை?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் செபராங் ஜெயாவில் இருக்கிறோம். என் மகனுக்கு 16 வயது, நான்காம் படிவம். ஒன்பது வயதிலிருந்து தேக்வாண்டோ படிக்கிறான், போன வருடம் பிளாக் பெல்ட் வாங்கினான். மூன்று வாரத்துக்கு முன்னால் டியூஷன் முடிந்து இரவு ஒன்பதே முக்காலுக்குப் பஸ் நிறுத்தத்தில் நின்றவனை, இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்த மூன்று பையன்கள் மறித்துக் கன்னத்தில் அறைந்து கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன் இடுப்பில் ஏதோ செருகியிருந்தானாம், என்னவென்று தெரியவில்லை. இவன் கையைக்கூடத் தூக்கவில்லை. "கால் என்னோடது மாதிரியே இல்லப்பா" என்கிறான். அன்றிலிருந்து வகுப்புக்குப் போவதில்லை. பெல்ட்டைச் சுருட்டி அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டான். என் மச்சான் வீட்டுக்கு வந்து, "ஏழு வருஷக் காசும் தண்டம், தாய்லாந்துக் குத்துச்சண்டை முவாய் தாயில சேர்த்து விடு" என்று அவன் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். இந்தத் தற்காப்புக் கலையெல்லாம் தெருச் சண்டைக்கு உதவுமா, உதவாதா? போலீசில் புகார் கொடுக்கவில்லை, அவன் வேண்டாம் என்கிறான். என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பையன் அன்றைக்குச் செய்தது சரி. எதிரே மூன்று பேர், ஒருவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது, அவர்களுக்கு வேண்டியது ஒரு கைபேசி. அது போனாலும் போகட்டும் என்று முழு உடம்போடு வீடு வந்து சேர்ந்தான். முப்பது வருடம் பழகிய ஆசானைக் கேட்டாலும் அந்த இடத்தில் இதைத்தான் செய்யச் சொல்வார். உங்கள் மச்சானிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், அதையும் பையன் காதுபடச் சொல்லுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். உதவும். ஆனால் எதைப் பழகினோமோ அது மட்டும்தான் உதவும், பழகாதது அந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வராது.

உங்கள் மகன் பழகியது என்ன என்று பாருங்கள். தேக்வாண்டோ போட்டியில் இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது, தலைக்குக் கால் போகலாம், ஆனால் முகத்தில் கையால் குத்தக் கூடாது. ஆக, ஏழு வருடமாக அவன் உடம்புக்குள் ஏறியிருப்பது, எதிராளியின் கை என் முகத்துக்கு வராது என்கிற பழக்கம். போட்டிகளைப் பார்த்தால் தெரியும், நிறையப் பேர் கையைத் தாழ விட்டுத்தான் நிற்பார்கள், அந்த விளையாட்டுக்கு அதில் தப்பில்லை. தெருவில் முதலில் வருவதே முகத்துக்கு ஓர் அறை. அப்புறம் மற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வகுப்பில் மெத்தை விரிப்பு, வெறுங்கால், குனிந்து வணக்கம், நடுவர் "சிஜாக்" என்று சொன்ன பிறகுதான் ஆட்டம் தொடங்கும். பஸ் நிறுத்தத்தில் தோளில் புத்தகப் பை, காலில் சிலிப்பர், முதுகுக்குப் பின்னால் லொங்காங் என்கிற சாக்கடை, யாரும் சிஜாக் சொல்லவில்லை. முதல் அறை விழுந்தபோது இது என்ன, விளையாட்டா, தெரிந்தவனா, எதற்கு அடிக்கிறான் என்று மனசு தேடிக்கொண்டிருந்திருக்கும், அது தேடி முடிப்பதற்குள் அவர்கள் போயே போய்விட்டார்கள்.

கால் தன்னுடையது மாதிரி இல்லை என்று சொன்னானே, அது கோழைத்தனம் இல்லை, அவனிடம் யாராவது இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். திடீர் ஆபத்தில் அட்ரினலின் ஏறும், இதயம் தாறுமாறாக அடிக்கும், பார்வை குறுகி எதிரே இருப்பது மட்டும் தெரியும், சில பேருக்குக் காது அடைத்துக்கொள்ளும், விரல் நடுங்கும், நுணுக்கமாகச் செய்கிற வேலை எதுவும் வராது. சண்டை போடு, ஓடு என்பதோடு அப்படியே நில் என்பதும் உடம்பு தானாக எடுக்கிற முடிவுதான். புலியைப் பார்த்த மான் நிற்கிறதே, அதுதான். போலீஸ்காரருக்கும் வரும், பட்டாளத்துக்காரருக்கும் வரும். அதிலிருந்து வெளியே வர ஆகும் நேரத்தைப் பயிற்சி குறைக்கலாம், அதுவும் அந்தப் பயத்தைக் கொஞ்சமாவது உள்ளே விட்ட பயிற்சியாக இருந்தால்.

தேக்வாண்டோவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் படித்த சிலம்பத்துக்கும் இதே கதைதான்.

14 வயதில் எஸ்டேட்டில் கம்பு பிடித்தேன். நெற்றிப்பொட்டு உயரத்துக்குக் கம்பு, முதல் ஆறு மாதம் காலடி மட்டும், அப்புறம் வீச்சு, சோடி, தொடுமுறை, கடைசியில் வெறுங்கையால் சண்டை போடும் குத்துவரிசை. நல்ல வாத்தியார், நல்ல படிப்பு. 22 வயதில் பிறையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பினாங்குத் தீவிலிருந்து திரும்பி, பட்டர்வொர்த் ஃபெரியை விட்டு இறங்கி பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒருவன் தோளில் இடித்தான். "கண்ணு தெரியலையா" என்றேன், அவனும் ஏதோ சொன்னான். நான் அங்கேயே விட்டுவிட்டு நடந்திருக்கலாம், வழி இருந்தது, பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. நடக்கவில்லை. என் கையில் கம்பு இல்லை, எட்டு வருடம் படித்தும் குத்துவரிசையில் ஒரு வரிசைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஓங்கி ஒரு குத்து விட்டேன், அவன் தலையைக் குனிந்தான், என் முஷ்டி அவன் நெற்றி மேட்டில் போய் விழுந்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அவனுடையது என்று நினைத்தேன், என்னுடையது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிந்திருந்தது. டாக்டர்கள் இதற்குக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் கையைக் கட்டி, உறை மாட்டி, சரியாகக் குத்தப் பழகியவர்களுக்கு இது அவ்வளவாக வருவதில்லை, ஆத்திரத்தில் வெறுங்கையால் எதையாவது குத்துகிறவர்களுக்குத்தான் வருகிறது. இன்றைக்கும் நான் வலது கையை மூடினால் மூன்று முட்டிதான் தெரியும். நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம், விரலை வைத்தால் உள்ளே இறங்கும்.

அதைவிட என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொன்று. அவன் பின்னால் சாய்ந்து விழுந்தான், தலை நடைபாதைச் சிமெண்டு விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. எழுந்து, என்னைத் திட்டிவிட்டு, போய்விட்டான். தெருச் சண்டையில் ஒரே குத்தில் உயிர் போகிறது என்றால் பெரும்பாலும் இப்படித்தான் போகும், குத்தினால் போகாது, நினைவு தப்பி விழுகிறவன் மண்டை சிமெண்டில் மோதி உள்ளே ரத்தம் கசிவதால் போகும். ஒரு சாண். அவன் யார், எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ஒரு சாணை இன்னும் மறக்கவில்லை.

அந்த எட்டு வருடத்தில் எங்கே ஓட்டை என்று பிற்பாடு நிறைய யோசித்தேன். யோசித்ததில் ஜூடோவை உண்டாக்கிய ஜிகோரோ கானோ என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் புரிய வைத்தது. 1882இல் தோக்கியோவில் அவர் பள்ளி தொடங்கியபோது பழைய ஜுஜுத்சுவில் கண்ணைக் குத்துவது, விரலை முறிப்பது என்று பயங்கரமான வித்தைகள் நிறைய இருந்தன. அவற்றைச் சும்மா அசைவாக மட்டும் பழகும் பக்கம் ஒதுக்கிவிட்டு, முழுப் பலத்தோடு செய்தாலும் கூட்டாளிக்குப் பெரிய காயம் வராத எறிதல், பிடி இவற்றை மட்டும் வைத்து, தினமும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நிஜமாகவே வீழ்த்தப் பார்க்கிற பயிற்சியை முக்கியமாக்கினார். ராந்தோரி என்று பேர். பயங்கரமான வித்தையை ஒத்துழைக்கிற ஆளிடம் ஆயிரம் தடவை செய்வதைவிட, சாதாரண வித்தையை ஒத்துழைக்காத ஆளிடம் நூறு தடவை செய்கிறவன் கை அந்த நேரத்தில் வேலை செய்கிறது. 1993 நவம்பரில் அமெரிக்காவில் டென்வரில் யூஎஃப்சி என்கிற, எல்லாக் கலைக்காரர்களும் மோதும் போட்டி முதல் தடவையாக நடந்தபோது, பார்வைக்கு ஒல்லியான ஹோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பணிய வைத்தாரே, அந்தக் குடும்பத்தின் ஜியு ஜிட்சுவும் கானோவின் மாணவர் மயேதா வழியாகப் பிரேசிலுக்குப் போனதுதான், தினமும் எதிர்க்கிற ஆளோடு உருண்டு புரண்ட பழக்கம்தான்.

ஆனால் அதை அப்படியே தெருவுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே ஒருவருக்கு ஒருவர், கீழே விரிப்பு, தரையைத் தட்டினால் விட்டுவிடுவார்கள். பஸ் நிறுத்தத்தில் நீங்கள் ஒருவனைக் கீழே போட்டு அழுத்திக்கொண்டிருந்தால் மற்ற இரண்டு பேரும் உங்கள் தலையை உதைப்பார்கள்.

கத்தி, பாராங் என்கிற வெட்டுக்கத்தி என்றால் பேச்சே வேறு. 1983இல் டென்னிஸ் டூலர் என்கிற அமெரிக்கப் போலீஸ் அதிகாரி ஒரு கணக்கு எழுதினார்: கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான், இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிறவருக்கு அதை உருவிச் சுட அதே நேரம்தான் கிடைக்கும். துப்பாக்கிக்காரருக்கே இந்தக் கதி. உங்கள் மகனுக்கும் அந்த இடுப்புக்கும் நடுவில் இருந்தது மூன்றடியோ நான்கடியோ. கத்தியை வெறுங்கையால் பறிப்பது எப்படி என்று கட்டையை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தைரியத்தை ஊட்டுவது பெரிய தப்பு என்று நினைக்கிறேன், அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

சட்டத்தையும் பையனுக்குச் சொல்லுங்கள், வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடம்பையும் உடைமையையும் காக்க அடிக்கலாம், ஆனால் 99ஆவது பிரிவுப்படி காப்பதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் போகக் கூடாது. ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து அடித்தால் அதற்குப் பெயர் தற்காப்பு இல்லை. காயம் விளைவித்ததற்கு 323ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இரண்டுமேகூட. கறுப்பு பெல்ட் கட்டியவன் என்பது நீதிமன்றத்தில் அவனுக்குச் சாதகமாகப் பேசப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் எதற்குத்தான் பயிற்சி என்று கேட்பீர்கள். ஓட முடியாத நேரம் ஒன்று வரலாம், சுவரோடு சாய்த்துப் பிடித்துவிட்டார்கள், தங்கை கூட இருக்கிறாள், அப்போது அடி வாங்கியும் கண்ணைத் திறந்து வைத்திருக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நிறைய வித்தியாசம். முகத்தில் அடி வாங்கிப் பழகியவனுக்கு ஓர் அறை ஓர் அறையாகத்தான் தெரியும், உலகம் நின்றுபோகாது. விழத் தெரிவது இன்னொன்று. தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் தரையை அடித்து விழுவதை ஜூடோவில் முதல் மாதத்திலேயே ஆரம்பித்துவிடுவார்கள். மழையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது என் மண்டையைக் காப்பாற்றியது அதுதான், நாற்பது வயதுக்கு மேல் போய்ப் படித்தேன். அப்புறம், உண்மையிலேயே அடி வாங்கிக் கொடுத்துப் பழகியவர்களில் நான் பார்த்த அளவில் பெரும்பாலோர் வெளியே வம்புக்குப் போவதில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடையில் யாராவது முறைத்து "என்னடா பார்க்கிற" என்றால் "சாரி போஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்து போக அவர்களுக்குக் கஷ்டமாக இருப்பதில்லை. நம் பையன்கள் எத்தனை பேர் இந்த முறைப்புக்காக, ஒரு சொல்லுக்காக, தாமான் குடியிருப்பு முனையில் பாராங் வெட்டு வாங்கியிருக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது.

முவாய் தாய்க்கு மாற்றலாமா என்றால், மாற்றலாம், கெட்டது இல்லை, ஆனால் பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். நீங்களே ஒரு மணி நேரம் போய் ஓரமாக உட்காருங்கள். அந்த ஒரு மணியில் பத்துப் பதினைந்து நிமிடமாவது இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் நிஜமாக மடக்கப் பார்க்கிறார்களா, தோற்கிறவன் சிரித்துக்கொண்டு எழுந்து வருகிறானா, சின்னவனைப் பெரியவன் போட்டு மிதிக்காமல் பயிற்றுநர் கண் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். எங்கள் வித்தை ரொம்ப ஆபத்தானது, அதனால் மோதிப் பழக முடியாது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்காகத் தேக்வாண்டோவை விடச் சொல்லாதீர்கள். ஏழு வருடத்தில் வந்த கால், மூச்சு, ஒழுங்கு எதுவும் தண்டமில்லை, அதன்மேல் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும். அவனே வேண்டாம் என்றால் கொஞ்ச நாள் விடுங்கள்.

புகார் மட்டும் கொடுங்கள். எந்த பாலாயிலும், அதாவது போலீஸ் நிலையத்திலும், கொடுக்கலாம். கைபேசி வாங்கிய பெட்டி வீட்டில் இருந்தால் அதன் மேலே பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் இருக்கும், எடுத்துப் போங்கள். நடந்ததை அவனே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், நடுவில் எதுவும் சேர்த்துச் சொல்ல வேண்டாம். நாளைக்கு அதே நிறுத்தத்தில் நிற்கப்போகிற இன்னொரு பிள்ளைக்காகவும்தான் கேட்கிறேன்.

அடுத்த மாதம் எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. அவனுக்குச் சம்மதம் என்றால் எழுதுங்கள், வந்து பார்க்கிறேன். பெல்ட்டைப் பற்றி எதுவும் பேச மாட்டேன். என் வலது கையை மூடிக் காட்டுகிறேன், அவனே எண்ணிப் பார்க்கட்டும்.

அன்புடன்.